மரச்சீனியைக் குறைத்து, சாளையை வைத்து: சுகர்காரருக்குக் கீட்டோ உணவும் உள்ளழற்சியும்

தமிழ்நாடு, கேரள எல்லையில் களியக்காவிளைக்கு இந்தப் பக்கமோ பாறசாலைக்கு அந்தப் பக்கமோ, மத்தியானச் சாப்பாடு ஏறக்குறைய ஒன்றுதான். புழுங்கலரிசிச் சோறு, அவித்த மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), சாளைப் புளிமுளம் (மத்தி மீன் புளிக்குழம்பு), ஒரு துவரன் (தேங்காய்ப் பொரியல்), ஒரு பப்படம். இந்தத் தட்டைக் கீட்டோ கண்ணோடு பார்த்தால் பாதி ஏற்கெனவே தேறிவிடும். மீன், தேங்காய், கீரை, புடலை எல்லாம் அந்தப் பாதியில்தான். மீதிப் பாதியில்தான் வில்லங்கம். வெந்த சோறு 250 கிராம் என்றால் மாவுச்சத்து சுமார் 70 கிராம். மரச்சீனி 150 கிராமுக்கு இன்னொரு 50. சாயங்காலம் ஒரு ஏத்தம்பழம் (நேந்திரன்) 40க்கு மேல். காலைப் புட்டையும் சீனி போட்ட சாயாக்களையும் ராத்திரிச் சாப்பாட்டையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு 300 கிராம் சாதாரணமாகத் தாண்டும். கீட்டோ உணவு என்பது இதை 20 முதல் 50 கிராமுக்குள் கொண்டுவருவது. மாவுச்சத்து அவ்வளவு இறங்கினால் ஈரல் கொழுப்பை உடைத்துக் கீட்டோன் செய்யத் தொடங்கும். உடம்பு அதை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும்.

சுகர் உள்ளவர்களுக்கு இதில் இரண்டு ஆசைகள். சர்க்கரை இறங்க வேண்டும், உள்ளழற்சி தணிய வேண்டும். முதலாவதை மீட்டரிலேயே பார்த்துவிடலாம். இரண்டாவதில்தான் நிறையக் கதை கட்டப்படுகிறது.

அழற்சி எங்கிருந்து வருகிறது

காலில் முள் குத்தினால் சிவந்து வீங்குகிறதே, அது கண்ணுக்குத் தெரிகிற அழற்சி. வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேர்ந்த கொழுப்பு இரவு பகலாக இன்டர்லூக்கின் 6 போன்ற சமிக்ஞைகளை ரத்தத்தில் கசியவிடும். இது கண்ணுக்குத் தெரியாது. அந்தச் சமிக்ஞையைக் கேட்டு ஈரல் சுரக்கும் புரதம்தான் சி.ஆர்.பி. சன்னமான அளவையும் பிடிக்கிற ஹெச்.எஸ்.சி.ஆர்.பி பரிசோதனையைத்தான் எடுக்க வேண்டும். காய்ச்சலுக்கு எழுதித் தரும் சாதாரண சி.ஆர்.பி இதற்கு உதவாது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் இதயத்துக்கு ஆபத்து குறைவு, 1 முதல் 3 நடுத்தரம், 3க்கு மேல் அதிகம். 10க்கு மேல் வந்தால் அது வேறு விஷயம்: எங்கோ தொற்று அல்லது காயம். அது ஆறி இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும்.

கீட்டோ இதைக் குறைக்குமா? அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் டைப் 2 நோயாளிகள் 262 பேரை மருத்துவக் கண்காணிப்போடு கீட்டோ உணவில் வைத்துப் பார்த்த ஆய்வின் ஓராண்டு முடிவு 2018இல் வந்தது. ஹெச்.எஸ்.சி.ஆர்.பி 39 சதவீதம் இறங்கியிருந்தது. ஆனால் அதே ஓராண்டில் எடையும் சுமார் 12 சதவீதம் இறங்கியிருந்தது, எல்.டி.எல் என்ற கெட்ட கொழுப்பு 10 சதவீதம் ஏறியிருந்தது. ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரிக்கவும் இல்லை. அழற்சி தணிந்தது கீட்டோனாலா, தொப்பை வற்றியதாலா என்று அதை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரேட் என்ற கீட்டோன், அழற்சியைத் தூண்டும் ஒரு விசையை நேரடியாகத் தடுக்கிறது என்று யேல் பல்கலைக்கழகத்தார் 2015இல் காட்டினார்கள். அது எலிகளிலும், உடலுக்கு வெளியே எடுத்த மனித வெள்ளணுக்களிலும். சாப்பாட்டு மேசை அங்கிருந்து வெகுதூரம்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஸ்டான்ஃபோர்டில் ஒரே ஆட்களைக் கீட்டோவிலும், பருப்பு பழம் முழுதானியம் சேர்ந்த மத்தியதரைக்கடல் உணவிலும் 12 வாரம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். முடிவு 2022இல் வெளியானது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1சி இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இறங்கியது. டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு கீட்டோவில் கூடுதலாக இறங்கியது, எல்.டி.எல் கீட்டோவில் ஏறி, மற்றதில் இறங்கியது. ஆகவே சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் பட்டையின் நிறத்தைத் துரத்த வேண்டாம். இடுப்புச் சுற்று, சர்க்கரை, எல்.டி.எல், ஹெச்.எஸ்.சி.ஆர்.பி நான்கையும் சேர்த்துப் பாருங்கள். கீழே சொல்வதெல்லாம் அந்தக் கணக்கில்தான்.

யார் தொடவே கூடாது

டைப் 1 உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், சிறுநீரகம் தளர்ந்தவர்கள், முன்பு கீட்டோஅசிடோசிஸ் (கீட்டோன் மிஞ்சி ரத்தம் அமிலமாவது) வந்தவர்கள், டிரைகிளிசரைடு 500க்கு மேல் நிற்பவர்கள், சாப்பாட்டை வெறுக்கும் மனநோய் இருந்தவர்கள்.

கேரளத்திலும் தென்கோடித் தமிழ்நாட்டிலும் தனியாகச் சொல்லவேண்டிய ஒன்று கணையக்கல். இந்தப் பகுதிகளில் ஒல்லியான உடம்போடு, சின்ன வயதிலேயே சுகர் வருகிறவர்களில் சிலருக்குக் கணையத்தில் கல் இருக்கும். சாப்பிட்டால் மேல்வயிறு வலித்து முதுகுக்குப் பாயும். மலம் எண்ணெய் மினுக்கத்தோடு மிதக்கும். இவர்களுக்குக் கொழுப்பைச் செரிக்கும் நொதியே சரியாகச் சுரக்காது. கீட்டோவில் வைத்தால் கொழுப்பும் ஒட்டாது, மாவும் கிடையாது. மிச்சமுள்ள சதையும் கரையும். ஒல்லியான சுகர்காரர் முதலில் வயிற்று ஸ்கேன் எடுத்துவிட்டுத்தான் இந்தப் பேச்சையே எடுக்க வேண்டும். மரச்சீனிதான் இந்த நோய்க்குக் காரணம் என்று முன்பு பலமாகச் சந்தேகப்பட்டார்கள். பிறகு மரபணுப் பங்கு தெரியவந்தது.

மாத்திரை அட்டையைத் திருப்பிப் படியுங்கள்

கீட்டோவில் விபத்து பெரும்பாலும் தட்டிலிருந்து வருவதில்லை, மாத்திரை டப்பாவிலிருந்து வருகிறது. சோறு குறைந்த அன்றும் மாத்திரை பழைய அளவிலேயே உள்ளே போகும். ஒரே மாத்திரையில் இரண்டு மூன்று மருந்து சேர்ந்திருப்பது இப்போது சகஜம் என்பதால், கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படிக்க வேண்டும்.

டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று "ஃப்ளோசின்" என முடிகிற பெயர் இருந்தால் கீட்டோ பக்கமே போகாதீர்கள். டாக்டர் அதை மாற்றிக் கொடுத்த பிறகு பார்க்கலாம். இந்த மருந்து சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும். மாவுச்சத்தும் நின்றால் கீட்டோன் கட்டுக்கடங்காமல் ஏறி ரத்தம் அமிலமாகும். மீட்டர் 160, 180 என்று நல்ல பிள்ளையாகக் காட்டிக்கொண்டிருக்க, ஆள் வாந்தியும் வயிற்றுவலியும் மேல்மூச்சுமாகக் கிடப்பார். சர்க்கரை நார்மல்தானே என்று வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் இதன் கொடுமை. அமெரிக்க மருந்துத் துறை 2015இலேயே இதை எச்சரித்தது. 2020இல் டபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை முடிந்து விலை இறங்கிய பிறகு நம்மூர்ச் சீட்டுகளிலும் இது சாதாரணம். நிறுத்தினாலும் அதன் வேலை சில நாள் உடலில் ஓடும். நிறுத்திய மறுநாளே சோற்றைக் குறைப்பது தப்பு. இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ சேர்த்து இந்த மருந்தை எழுதியிருந்தால், மருந்தை வைத்துக்கொண்டு கீட்டோவை விடுவதே நல்லது.

கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு ஆகியவை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைக் கசக்கி இன்சுலினை வரவைப்பவை. மாவைக் குறைக்கும் முன்பே இவற்றை டாக்டர் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும். ஊசி போடுகிறவர்களுக்கும் அளவு குறையும். எவ்வளவு என்பதை மீட்டர் குறிப்பைப் பார்த்து அவர்தான் சொல்ல வேண்டும். நீங்களாக ஊசியை மொத்தமாக நிறுத்தக் கூடாது. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பயம் குறைவு. பிரஷர் மாத்திரை, முக்கியமாக நீர் போகவைக்கும் மாத்திரை, முதல் இரண்டு வாரத்தில் தலைசுற்றலைக் கொடுக்கலாம். எழுந்து நின்று பிரஷர் பாருங்கள்.

சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் கீட்டோவாவது ஒன்றாவது, உடனே 3 டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். கருப்பட்டியைக் கடித்துக்கொண்டிருந்தால் ஏற நேரமாகும்.

தொடங்கும் முன் எடுக்க வேண்டியவை

ஹெச்.பி.ஏ.1சி, கொழுப்புப் பட்டியல், கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின், ஈரல் பரிசோதனை, யூரிக் ஆசிட். தொப்புள் உயரத்தில் இடுப்புச் சுற்று; நம்மவர்களுக்கு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 எல்லை.

ஹெச்.எஸ்.சி.ஆர்.பியை இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை எடுத்துச் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். வெறும் வயிறு அவசியமில்லை. ஆனால் இரண்டும் ஒரே லேபில். சளி, காய்ச்சல், பல்வலி, காலில் புண், தடுப்பூசி போட்ட வாரம் ஆகிய எதுவும் இல்லாத நாளில். இடவப்பாதி மழையில் வீட்டுக்கு வீடு காய்ச்சல் ஓடும்போது எடுத்த எண்ணை வைத்துக் கொண்டாடவும் கூடாது, கவலைப்படவும் கூடாது.

இன்னொன்று, பல் டாக்டர். ஈறு வீங்கி ரத்தம் வருகிற சுகர்காரருக்கு அந்த ஈறே அழற்சியின் ஊற்று. ஈறைச் சுத்தம் செய்தாலே ஹெச்.பி.ஏ.1சி 0.3, 0.4 அளவுக்கு இறங்குவது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். வெற்றிலை, புகையிலை விடாமல் கீட்டோ பிடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான்.

இறங்குகிற படிகள்

ஒரே நாளில் குதிக்க வேண்டாம். மருந்தை டாக்டர் சரிக்கட்ட அவகாசம் வேண்டும். முதல் வாரம் சாயாவில் சீனி, அக்கானி (பதநீர்), பேக்கரிப் பண்டம், ஏத்தம்பழம் பொரித்தது எல்லாம் நிற்கட்டும். அக்கானி இயற்கைதானே என்பார்கள். ஒரு கிளாஸில் 20 கிராமுக்கு மேல் சர்க்கரை. இரண்டாம் வாரம் மரச்சீனி நிற்கட்டும், சோறு பாதியாகட்டும், புட்டும் தோசையும் ஒரு வேளைக்கு மேல் வேண்டாம். இந்த இடத்தில் மாவுச்சத்து 100 முதல் 130 கிராமுக்கு வந்திருக்கும். மீட்டர் நன்றாக இறங்கி, இடுப்பும் இறங்கத் தொடங்கினால் பலருக்கு இங்கேயே நின்றுவிடுவதுதான் புத்தி. வருஷக்கணக்கில் தாக்குப்பிடிப்பது இந்த அளவுதான். போதவில்லை என்றால் மட்டும் மூன்றாம், நான்காம் வாரத்தில் மீதிச் சோறும் போய் 50க்குள் வரட்டும்.

65 கிலோ எடை உள்ளவருக்கு அப்படி ஒரு நாள் இப்படி இருக்கும்.

காலையில் இரண்டு முட்டை ஆம்லெட், முருங்கைக்கீரைத் துவரன் 100 கிராம், சீனி இல்லாமல் 50 மில்லி பால் விட்ட சாயா. கீரையில் 2 மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல். நார்ச்சத்து போக மாவுச்சத்து சுமார் 12 கிராம்.

மத்தியானம் ஆறு சாளை போட்ட புளிமுளம், புடலையோ முட்டைக்கோஸோ 150 கிராம் துவரன், நீர்மோர் ஒரு கிளாஸ். மாவுச்சத்து 18. சாயங்காலம் வறுத்த நிலக்கடலை 30 கிராம், கட்டன் சாயா, 4. ராத்திரி 100 கிராம் கோழி தேங்காய்க் கொத்தோடு வரட்டியது, வெண்டைக்காய் 100 கிராம் மெழுக்குப்புரட்டி, 10. மொத்தம் 45 கிராமுக்கு உள்ளே, புரதம் 75 கிராம் அளவில்.

அந்தப் புளிமுளத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம், கணக்கு தவறுவது அங்கேதான். ஓர் ஆளுக்கு 25 கிராம் தேங்காய், மல்லி, மிளகாய், மஞ்சள் சேர்த்து வெண்ணெயாக அரையுங்கள். சின்ன உள்ளி நான்கு போதும். உள்ளி காய்தானே என்று அள்ளிப் போடுகிறார்கள். 100 கிராம் சின்ன உள்ளியில் 13 கிராம் மாவுச்சத்து. உள்ளித் தீயல் ஒரு கிண்ணம் அரைத் தட்டுச் சோற்றுக்குச் சமமாகிவிடும். புளியும் அப்படித்தான்: 10 கிராம் புளியைக் கரைத்து விட்டால் 6 கிராம் கூடும். குடம்புளித் துண்டு ஒன்றைக் கால் மணி நேரம் ஊறவைத்துக் குழம்பில் போட்டால் புளிப்பு இறங்கும், துண்டைத் தள்ளிவிடலாம். அரைப்பை மண்சட்டியில் கொதிக்கவிட்டு, பச்சைவாடை போனதும் மீனைப் போட்டுச் சட்டியைச் சுற்றி அசைத்து, கரண்டி போடாமல் எட்டுப் பத்து நிமிடம். கடைசியில் பச்சைத் தேங்காயெண்ணெய் ஒரு டீஸ்பூன், கறிவேப்பிலை. சோறு இல்லாமல் வெறும் குழம்பு காரமாகத் தெரியும். மிளகாயை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, அவித்த தடியங்காயோடு (வெள்ளைப் பூசணி) சாப்பிட்டால் சரியாகும்.

சாளை, அயலை, நெத்தோலி இவற்றில் ஒமேகா 3 கொழுப்பு உண்டு, டிரைகிளிசரைடுக்கு நல்லது. மழைக்காலம் கழிந்து நெய் (கொழுப்பு) வைத்த சாளையில் அது இன்னும் கூடுதல். பொரித்தால் அரிசிமாவு பூசாமல், புது எண்ணெயில்.

இடிச்சக்கை (பிஞ்சுப் பலா) துவரன் அளவோடு ஆகும். சுளை முற்றினால் மாவு ஏறிவிடும். சேனை, சேம்பு, காச்சில் எல்லாம் மரச்சீனியின் சொந்தக்காரர்கள்தான். வன்பயறு வெந்தது 100 கிராமில் 14 கிராம். இளநீர் ஒன்றில் 10 கிராமுக்கு மேல் போகலாம். பப்படம் ஒன்று 4.

தேங்காயெண்ணெயைக் குடிக்கச் சொல்பவர்கள்

காலையில் இரண்டு கரண்டி தேங்காயெண்ணெய் குடித்தால் கீட்டோன் கொட்டும், அழற்சி பறந்துவிடும் என்று எல்லையின் இரு பக்கமும் ஒரு பேச்சு ஓடுகிறது. ஈரலுக்கு நேரே போய்க் கீட்டோனாகும் குறுகிய கொழுப்பு இதில் 15 சதவீத அளவில்தான். பாதியளவு லாரிக் அமிலம். அதில் பெரும்பகுதி மற்றக் கொழுப்பு போகும் வழியிலேயே போகும். தேங்காயெண்ணெயில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்ட 16 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் பார்த்ததில் எல்.டி.எல் சராசரியாக 10 மில்லிகிராம் கூடியிருந்தது. தாளிக்கவும் வாசனைக்கும் வைத்துக்கொள்ளுங்கள், தள்ளிவிட வேண்டியதில்லை. ஓர் ஆளுக்கு மாதத்துக்கு எல்லா எண்ணெயும் சேர்த்து அரை லிட்டர் போதும். தொப்பை உள்ளவர் கொழுப்பை வெளியிலிருந்து ஊற்ற வேண்டியதில்லை. இடுப்பில் சேர்த்து வைத்திருப்பதே எரியட்டும்.

என்னென்ன கோளாறு வரும்

முதல் வாரத்தில் தலைவலி, கெண்டைக்கால் பிடிப்பு, சோர்வு. இன்சுலின் இறங்கியதும் சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் வெளியே விடுவதால் வருவது. உப்புப் போட்ட நீர்மோர் இரண்டு கிளாஸ், அல்லது கோழி எலும்பு ரசம். பிரஷர், இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர் உப்பைக் கூட்டும் முன் கேட்க வேண்டும். கஞ்சித் தண்ணீர் குடித்தால் தெளிவு வருகிறதே என்றால், அது மாவின் தெளிவு.

மலச்சிக்கல் வந்தால் கீரையையும் வெண்டையையும் கூட்ட வேண்டும், மீனைக் கூட்டக் கூடாது. பெருவிரல் மூட்டு வீங்கி வலித்தால் யூரிக் ஆசிட் பாருங்கள். தொடக்கத்தில் அது ஏறும், கூடவே சி.ஆர்.பியும் ஏறும்.

சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை அழகாக இறங்கியும் காலை வெறும் வயிற்றில் 130, 140 என்று நிற்கலாம். ஈரல் விடியும் முன் சர்க்கரை விடுகிறது; கடைசியாகத்தான் அது அடங்கும். அதற்காக ராத்திரிச் சாப்பாட்டை விடாதீர்கள்.

மண்டல விரதம் 41 நாள் பிடிப்பவர்களுக்கு மீனும் முட்டையும் போய்விடும். பனீர், கட்டித்தயிர், சோயா, நிலக்கடலை, தேங்காய் என்று வண்டி ஓடும். ஆனால் 50க்குள் நிற்பது கடினம். அந்த நாட்களில் பயறு சேர்த்து 80, 90இல் நில்லுங்கள். நோன்பு, ஒருசந்தி என்று வேளை விடுகிற காலத்தில் கீட்டோவைச் சேர்த்துப் பிடிக்க வேண்டாம். கல்யாணச் சத்யையில் ஓலன், துவரன், அவியல், மோர் போதும். பாயசத்துக்கு இலையை மூடிவிடுங்கள்.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு, ஆபரேஷன் என்றால் கீட்டோ அன்றே நிற்க வேண்டும். விடாத வாந்தி, வயிற்றுவலி, ஆழமான வேகமூச்சு என்றால் சர்க்கரை எதுவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தில் கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள். உணவினால் வரும் கீட்டோன் 0.5 முதல் 3 மில்லிமோலுக்குள் இருக்கும். அதற்கு மேல் என்றால் சும்மா விடக் கூடாது.

12 வாரம் கழித்து

எல்லாப் பரிசோதனையும் மறுபடி. ஹெச்.எஸ்.சி.ஆர்.பி மறுபடியும் இரண்டு முறை. அது இயல்பாகவே ஏறி இறங்கும் எண், 2.4 என்பது 1.9 ஆனதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். 4.2 என்பது 2.3 ஆகி, இடுப்பும் ஐந்தாறு சென்டிமீட்டர் குறைந்திருந்தால் நம்பலாம். எல்.டி.எல் ஏறியிருந்தால் தேங்காயெண்ணெய், நெய், மாட்டிறைச்சிக் கொழுப்பைக் குறைத்து, நிலக்கடலையும் மீனும் கூட்டி 6 வாரத்தில் மறுபடி பாருங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் 100 கிராம் படிக்கு ஏறிவிடலாம். கொழுப்பு மாத்திரையை எக்காரணத்துக்கும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

எடை நன்றாகக் குறைந்தும் சி.ஆர்.பி குறையவில்லை, அல்லது ஏறுகிறது என்றால் சாப்பாட்டைத் திருத்திக்கொண்டிருக்காமல் காரணத்தைத் தேடுங்கள். விரல் இடுக்கு, பாதம், மூத்திரம், ஈறு. இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நின்று சாயங்காலக் காய்ச்சலும் இருந்தால் சளிப் பரிசோதனை. சுகர்காரருக்குக் காசநோய் எளிதில் ஒட்டும். எடை இறங்குவதைக் கீட்டோவின் பெருமை என்று நினைத்து மாதக்கணக்கில் விட்டுவிடுகிற ஆபத்து உண்டு.

திரும்பி வருவதற்கும் படி உண்டு. வாரத்துக்கு 15 கிராம் மாவுச்சத்து கூட்டுங்கள். முதலில் பயறு, பிறகு காய்கறிகளில் சற்று மாவுள்ளவை, சோறு கடைசியில். கீட்டோவில் இருக்கும்போதே குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் பரிசோதனைக்குப் போனால் எண் பொய்யாக ஏறிக் காட்டும். மூன்று நாளாவது நாளுக்கு 150 கிராம் மாவுச்சத்து சாப்பிட்டிருக்க வேண்டும். மரச்சீனி இல்லாமல் இருக்கவே முடியாது என்பவர், அவித்து வடித்த 50 கிராம் துண்டை மீனோடும் துவரனோடும் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் மீட்டர் பாருங்கள். 180ஐத் தாண்டாமல் நின்றால் வாரத்துக்கு ஒரு நாள் அந்தத் துண்டு உங்களுக்கு உண்டு.